போன்சாய் என்றால் கொடுமையா?

தமிழில் 'போன்சாய்' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. பட்டிமன்ற மேடையில் "பிள்ளைகளைப் போன்சாய் ஆக்கிவிட்டோமே!" என்று யாராவது உருகினால் கைதட்டல் நிச்சயம். புதுக்கவிதைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடக்கப்பட்ட பெண், வளரவிடாத குழந்தை, கனவைத் தொலைத்த இளைஞன்... எல்லோரும் அங்கே போன்சாய்தான். வேரை வெட்டி, பட்டினி போட்டு, கம்பியால் கட்டி ஒரு மரத்தைக் குள்ளமாக்கும் கொடுமை என்பதே பொதுவான எண்ணம்.

இது எவ்வளவு தூரம் உண்மை? சோதித்துப் பார்க்க ஜப்பானின் கருப்பு பைன் நல்ல உதாரணம். ஜப்பானியர்கள் இதை 'குரோமட்சு' என்கிறார்கள். உப்புக் காற்றையும் மணலையும் தாங்கி நிற்கும் கடற்கரை மரம். 1775-ல் ஜப்பானுக்கு வந்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க்கின் நினைவாகப் 'பைனஸ் துன்பெர்ஜி' என்று இதற்குப் பெயர். தரையில் விட்டால் 30 மீட்டருக்கு மேலும் உயரக்கூடியது. இதை முழங்கால் உயரத்தில் ஒரு தொட்டிக்குள் நிறுத்த வேண்டும் என்றால் பட்டினி போடுவதைத் தவிர வேறு வழி என்ன என்றுதான் தோன்றும். நடப்பது நேர் எதிர்!

கருப்பு பைன் போன்சாயின் வாழ்க்கை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் வளர்ப்பது. பிறகு நயப்படுத்துவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களும் ஏமாறுகிறார்கள், புதிதாக ஆரம்பிப்பவர்களும் ஏமாறுகிறார்கள்.

முதல் கட்டத்துக்குப் பேர்போன இடம் ககாவா மாநிலத்தின் தகமட்சு நகரம். அங்கே கினாஷி, கொகுபுன்ஜி என்று இரண்டு பகுதிகள். ஜப்பானின் பைன் போன்சாய்களில் சுமார் 80 சதவீதம் இங்கிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். அங்கே பைன் கன்றுகள் சின்னத் தொட்டியில் அல்ல, வயலில் வரிசை வரிசையாக நிற்கின்றன. காரணம் எளிது. தண்டு தடிக்க வேண்டுமானால் இலை நிறைய வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். அதற்காகவே ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிடுவார்கள். 'தியாகக் கிளை' என்று சொல்லலாம். அது ஆளுயரத்தையும் தாண்டிப் போகும். பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும். ஆனால் தண்டைப் பருக்க வைப்பது அதுதான். அதன் வேலை முடிந்ததும் வெட்டிவிட்டு, இன்னொரு கிளையை ஓடவிடுவார்கள். இப்படித்தான் அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, தண்டுக்கு முதிய மரத்தின் தோற்றம் வருகிறது. தண்டை ஒட்டிய சின்னக் கிளைகளை மட்டும் வெயில் படும்படி காப்பாற்றி வைப்பார்கள். ஊசியிலை இல்லாத பழைய கட்டையில் கருப்பு பைன் லேசில் துளிர்க்காது. இந்தக் கட்டத்துக்கே 10, 20 வருடங்கள் ஆகிவிடும்.

வணிகவியல் கணக்கில் சொன்னால் தண்டு முதல், அழகு வட்டி. முதல் சேரும் முன்பே வட்டியை எடுத்துச் செலவழித்தால் என்ன ஆகும்? விரல் தடிமன் கன்றை வாங்கி, அடுத்த வாரமே அழகான சின்னத் தொட்டிக்கு மாற்றி, கிள்ளிக் கிள்ளி 'போன்சாய்' செய்பவர்களுக்கு நேர்வது அதுதான். பத்து வருடம் கழித்தும் அது ஏறக்குறைய அதே விரல் தடிமனில்தான் நிற்கும்.

இரண்டாவது கட்டத்தில்தான் கத்தரிக்கு முழு வேலை. வசந்த காலத்தில் பைன் குருத்துகள் மெழுகுவத்தி ஏற்றி வைத்ததுபோல் நிமிர்ந்து வரும். அதுவரை நன்றாக உரம் போட்டு வளர்த்த மரத்தில், ஜூன், ஜூலை வாக்கில், அந்தக் குருத்துகளை அடியோடு வெட்டுகிறார்கள். இதற்கு 'மெகிரி' என்று பெயர். சில வாரங்களில் அதே இடத்தில் புதுக் குருத்துகள் வரும். குளிருக்கு முன் அவை வளரக் கிடைக்கும் காலம் குறைவு. அதனால் 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீளக்கூடிய ஊசியிலை 3 சென்டிமீட்டரில் நின்றுவிடுகிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை துளிர்க்கும் தெம்பு இருப்பதால்தான் கருப்பு பைனில் இது முடிகிறது. வெள்ளைப் பைனில் இதைச் செய்வதில்லை.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. எந்த மரத்திலும் உச்சிக் கிளை வலுத்துப்போகும், கீழ்க்கிளை இளைத்துப்போகும். ஆகவே இளைத்த குருத்துகளை முதலில் வெட்டி, பத்து நாள் கழித்தே வலுத்தவற்றை வெட்டுவது ஒரு வழக்கம். மறுபடி துளிர்க்க இளைத்தவனுக்குக் கூடுதல் அவகாசம்! இலையுதிர் காலத்துக்குப் பிறகு பழைய ஊசிகளைப் பறிக்கும்போதும் மேலே அதிகம் பறித்து, கீழே நிறைய விட்டுவைப்பார்கள். நோய்ப்பட்ட மரத்துக்கும், அப்போதுதான் தொட்டி மாற்றிய மரத்துக்கும் அந்த வருடம் மெகிரி கிடையாது. பட்டினி கிடக்கும் மரம் அந்த வெட்டைத் தாங்காது. ஆக, அந்தக் குட்டை இலை பட்டினியின் அடையாளம் அல்ல, தெம்பின் அடையாளம்.

"என்ன இருந்தாலும் மரம் கேட்டதா?" என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. கம்பி கட்டுவது கட்டுவதுதான், வெட்டுவது வெட்டுவதுதான். மரத்திடம் யாரும் சம்மதம் வாங்கவில்லை. ஆனால் போன்சாய் மீது வைக்கவேண்டிய குற்றச்சாட்டு கொடுமை அல்ல, பொறுப்பு. தொட்டியில் வைத்த நாளிலிருந்து அந்த மரம் மனிதனை நம்பித்தான் இருக்கிறது. கோடையில் சில நாள் தண்ணீர் மறந்தால் ஐம்பது வருட உழைப்பு காய்ந்துவிடும். ஆரம்பித்தவர் பாதியில் கைவிட முடியாது. விட்டால் அதுதான் கொடுமை.

பொறுப்பாகப் பார்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டனில் ஒரு சாட்சி இருக்கிறது. அது வெள்ளைப் பைன். 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்படுவது. 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அதே நகரில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்து பிழைத்தது. 1976-ல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போனது. சித்திரவதைப்படும் உயிர் 400 வருடம் வாழுமா?

இன்னொன்று. 2020-ல்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஜப்பானியக் கருப்பு பைன் போன்சாய்க்கு இறக்குமதி அனுமதி கொடுத்தது. அன்று விற்பனைக்குத் தயாராக நின்ற மரங்கள் எல்லாம் தடை இருந்த காலத்தில் நடப்பட்டவை. நட்டவர்களுக்கு இந்தச் சந்தை திறக்கும் என்று தெரியாது. நட்ட சிலர் அதைப் பார்க்காமலே போயிருக்கவும் கூடும். இருந்தும் நட்டார்கள்.

ஆகவே அடுத்த முறை மேடையில் யாராவது "பிள்ளைகளைப் போன்சாய் ஆக்கிவிட்டோம்" என்று சொன்னால் ஒரு நிமிடம் யோசிக்கலாம். மூன்று வயதில் டியூஷன், ஆறாம் வகுப்பில் நுழைவுத்தேர்வுப் பயிற்சி என்று தண்டு தடிக்கும் முன்பே கத்தரியை எடுப்பதும், முதல் மதிப்பெண் வாங்குபவனுக்கே எல்லா உரத்தையும் கொட்டிவிட்டுக் கடைசி பெஞ்சை மறந்துவிடுவதும் போன்சாய் முறையே அல்ல. கினாஷி விவசாயி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.