மடங்க மறுக்கும் முழங்கால்



விபத்தில் கால் முறிந்த ஒருவரை நம் சபைகள் எவ்வளவு அன்பாகத் தாங்குகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அறுவை சிகிச்சை நாளன்று உபவாச ஜெபம் ஏறெடுக்கப்படும். மூப்பர்கள் மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்பார்கள். எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டியதும் ஸ்தோத்திர காணிக்கை படைக்கப்படும், சாட்சியும் சொல்லப்படும். அதன்பின் அந்த வீட்டுப் படியேறுகிறவர்கள் மிகச் சிலரே. நாம் சீக்கிரமாய்த் திரும்பிவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

முழங்காலை ஒட்டி எலும்பு முறிந்தால், அது கூடுவதற்கே மூன்று நான்கு மாதங்கள் ஆகக்கூடும். அதற்குள் அசையாமல் கிடந்த மூட்டைச் சுற்றிலும் வடுத்திசு படிந்து இறுகிவிடுகிறது. தொடையின் முன்பக்கத் தசையோ சில வாரங்களிலேயே மெலிந்துபோகிறது. சமதரையில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 60 பாகை மடங்கினால் போதும். படியிறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 பாகையளவு வேண்டும். தரையில் குந்தவும், முழங்காற்படியிட்டுக் குதிகால்மேல் அமரவும் 120 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே, “நடக்கிறாரே, தேறிவிட்டார்” என்று நாம் மகிழும் சகோதரர், உறவினர் வீட்டுக் கழிப்பறையில் குந்த இயலாதென்று ஊர்ப்பயணத்தையே தவிர்த்துக்கொண்டிருக்கக்கூடும். இதை அவர் ஜெபக்கூட்டத்தில் எழுந்து சொல்லமாட்டார்.

அந்தப் பாகைகளை அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறவேண்டியிருக்கிறது. கட்டிலில் படுத்து, குதிகாலைத் தன்பக்கமாக மெல்ல இழுத்து, வலியோடு நிறுத்தி, மறுபடியும் நீட்டவேண்டும். தினமும் பலமுறை இதைச் செய்தும், சில வாரங்களில் அளவுகோல் முந்தின வாரத்து எண்ணையே காட்டும். இதற்குக் காலமும் உண்டு. மாதங்கள் வீணாய்க் கழிந்தால் இறுக்கம் முற்றிப்போய், மயக்கமருந்து கொடுத்து மடக்கவோ மீண்டும் அறுவை செய்து விடுவிக்கவோ நேரிடலாம்.

இத்தகைய நாட்களில்தான் ஒருவர் வந்து, “ஜெபித்தாயிற்றே, இன்னும் பிசியோதெரபி எதற்கு? விசுவாசமில்லையா?” என்று கேட்கிறார். வலியினால் ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு அது பயிற்சியைக் கைவிடப் பக்தியான காரணமாகிவிடுகிறது. இவ்வார்த்தையை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசுநாட்களில் 15 வருஷங்கள் கூட்டப்படும் என்ற வாக்கைக் கொண்டுவந்தவர் ஏசாயா. அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். தீர்க்கதரிசிக்கு விசுவாசம் குறைவுபட்டது என்று யாராவது பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்களா?

மறுபக்கத்தில், உற்சாகமிகுதியால் எண்ணெய் தடவி, காலைப் பலவந்தமாய் மடக்கிவிடும் உறவினர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். எப்போது, எவ்வளவு மடக்கலாம், காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரும் இயன்முறை மருத்துவருமே சொல்லட்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும், இரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

முழங்காற்படியிட முடியாதபடியால் தன் ஜெபமே குறைவுள்ளதாயிற்று என்று கலங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இதை வாசிக்கிற நீங்களே அப்படிக் கலங்கியிருக்கலாம். ஆலயப் பிரதிஷ்டையில் சாலொமோன் முழங்காற்படியிட்டு ஜெபித்தார். அவருடைய தகப்பனாகிய தாவீதோ கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்து ஜெபித்தார். யாக்கோபு தன் முடிவுகாலத்தில் கோலின்மேல் சாய்ந்தபடியே தொழுதுகொண்டதாக எபிரெயர் நிருபம் சொல்லுகிறது. பெனியேலில் தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நடந்தவர் அவர். அந்த நொண்டல் நீங்கிற்று என்று வேதம் ஓரிடத்திலும் கூறவில்லை.

எங்கள் சபையின் சகோதரி ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிவு கண்டார். அவருடைய ஜெபக்குழுவைச் சேர்ந்த இரண்டு தாய்மார் முறைவைத்துக்கொண்டு, ஐந்து மாதங்கள் அவரை ஆட்டோவில் பயிற்சிக்கு அழைத்துச் சென்றார்கள். வீட்டில் அவர் காலை மடக்கும்போது அருகிலிருந்து எண்ணிக்கை சொன்னார்கள். அவர் அழுதபோது எண்ணுவதை நிறுத்திக் காத்திருந்தார்கள். இன்று அவருக்கு 110 பாகை மடங்குகிறது. இன்னும் முழங்காற்படியிட இயலவில்லை. அவரிடம் நாங்கள் சாட்சி கேட்கவுமில்லை.

உங்கள் சபையிலும் முறிவு ஏற்பட்டு மூன்றாம் நான்காம் மாதத்தில் இருப்பவர் யாரென்று இந்த வாரம் விசாரியுங்கள். பயிற்சி நேரத்தைக் கேட்டறிந்து, அந்நேரத்துக்கே செல்லுங்கள். எங்கள் ஆலயத்தில், பீடத்தண்டை வந்து முழங்காற்படியிட இயலாதவர்களுக்கு வரும் மாதத்திலிருந்து திருவிருந்து அவரவர் இருக்கைக்கே கொண்டுவரப்படும். ஆராதனை தொடங்குமுன் மூப்பர் ஒருவரிடம் தெரிவித்தால் போதுமானது.