ஆளில்லா ஊரில் ஒரு வெள்ளோட்டம்

புதிய தேர் செய்து முடிந்ததும் அதனை வீதிக்கு இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. ஊர் திரண்டு வடம் பிடிக்கும் நாள் அது. கணினி ஆட்டங்களை ஆக்கி விற்போரும் விற்பனைக்கு முன்னர் இத்தகைய வெள்ளோட்டம் ஒன்றை விடுகின்றனர். ‘டெமோ’ எனப்படும் அம்மாதிரிப் பதிப்பை எவரும் காசின்றி ஆடிப் பார்க்கலாம். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் மாணவர் தங்கும் வாடகை அறைகளிலே, பரீட்சை முடிந்த இரவுகளில், இது நடைபெறுவதை அறியாதார் இலர். நால்வர் ஐவர் ஒரு கணினியைச் சூழ்ந்திருந்து, முகமறியாத தூரதேசத்தாருடன் சுட்டும் சுடப்பட்டும் விடியுமட்டும் ஆடுவர். பிடித்திருந்தால் வாங்கலாம், பெரும்பாலும் வாங்குவதில்லை.

இதனைக் கண்டிப்போர்க்கும் இங்கு குறைவில்லை. பரிசளிப்பு விழா மேடைகளில் ஒலிக்கும் கண்டனத்தின் சாரம் இரண்டே: படிப்புக் கெடுகின்றது, கொலைவெறி வளர்கின்றது. முன்னையது கிரிக்கெற்றுக்கும் சினிமாவுக்கும் எக்காலத்தும் சொல்லப்பட்டதே. பின்னையதோ இம்மண்ணிலே நின்று சொல்லத்தக்கதன்று. சுடும் ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடிகளுள் ஒன்றான ‘டூம்’, தன் முதற் பகுதியை இலவசமாக வெளியிட்ட நாள் 1993 டிசம்பர் 10. அன்று குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையின் கீழ் ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இங்கு நிகழ்ந்த கொலைகள் எவையும் திரையினின்று இறங்கி வந்தவையல்ல. தடை செய்க என்போர் இந்தியாவை உதாரணங் காட்டுவர். அங்கு 2020 செப்டெம்பரில் ‘பப்ஜி’ தடை செய்யப்பட்டமைக்குக் கூறப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பும் பயனாளர் தரவுகளுமேயன்றி வன்முறையன்று. அடுத்த ஆண்டே வேறொரு பெயரில் அது திரும்பி வந்துவிட்டது.

இவ்வாட்டங்களின் உண்மையான குற்றம் வேறு. அவை போரைக் காட்டுகின்றன. போர் நடக்கும் ஊரின் மக்களைக் காட்டுவதில்லை.

1999 இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் வேறோர் ஆட்டத்தின் மேல் கட்டியெழுப்பிய ‘கவுண்டர் ஸ்ரைக்’கை நோக்குக. பயங்கரவாதிகள் ஒருபுறம், அவர்களை எதிர்ப்போர் மறுபுறம். அதில் இடம்பெறும் பொதுமக்கள் பணயக்கைதிகள் மட்டுமே. அவர்களுள் ஒருவரைச் சுட்டால் சுட்டவரின் கணக்கிற் பணம் குறையும். ஓர் உயிரின் பெறுமதி அங்ஙனம் தண்டப்பணமாயிற்று. பின்னர் அதுவும் மிகையெனத் தோன்றியது போலும்! பெரும் போட்டிகளில் ஆடப்படுபவை குண்டு வைக்கும் களங்களே. அவற்றில் பணயக்கைதியும் இல்லை. அக்களங்களுள் மிகப் புகழ்பெற்ற ‘டஸ்ற் 2’, 2001 இல் ஆக்கப்பட்டது. மணல்நிறச் சுவர்களும் வளைவுகளும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் கொண்ட, மத்திய கிழக்கை நினைவூட்டும் ஒரு பட்டினம். அப்பட்டினத்தார் எங்குச் சென்றனர் என்று கோடிக்கணக்கானோர் ஆடியும் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத்து இளைஞர் கைத்தொலைபேசியில் ஆடிய பப்ஜி இதனினும் ஒருபடி மேற்சென்றது. ‘எறாங்கல்’ என்னும் கைவிடப்பட்ட தீவிலே நூறுபேர் பரசூட்டில் இறங்குவர். இறங்கியதும் முதல் வேலை வீடு புகுதல். கதவைத் திறந்து, அறை அறையாகத் தேடி, துவக்கும் மருந்தும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுதல். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கானோர் விட்டுச்சென்ற வீடுகள் அன்றிரவு இத்தீவின் வீடுகளைப் போலவே கிடந்தன. மீண்டு வந்தோர் கூரையும் கதவும் யன்னற் சட்டமும் இழந்த சுவர்களைக் கண்டனர். உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டுப் பின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட வலிகாமம் வடக்கில், தம் வளவைக் கிணற்றைக் கொண்டு அடையாளங் கண்டவர்களும் உளர். அவர்களுடைய பேரப்பிள்ளை இன்று ஆளில்லா வீட்டுக்குள் புகுந்து பொருளெடுத்து மகிழ்கின்றான். பிள்ளையின் மீது குற்றமில்லை. அந்த வீட்டில் யாரோ இருந்தார்கள் என்று ஆட்டம் அவனுக்குச் சொல்லவில்லை.

ஆட்டந்தானே, சதுரங்கத்திற் குடிமக்கள் உண்டோ என்று கேட்பர் சிலர். சதுரங்கப் பலகையில் அடுப்படி இல்லை. கொடியிற் காயும் துணியும் இல்லை. இவ்வாட்டங்களோ சுவரிற் பெயர்ந்த சுண்ணாம்பையும் தரையில் உடைந்த கோப்பையையும் அவ்வளவு கரிசனையோடு தீட்டுகின்றன. துணியைத் துவைத்தவளை மட்டும் தீட்டுவதில்லை. தமிழர் போர்ப்பாடல் வீரத்தை மட்டும் போற்றியதென்று பலர் எண்ணுகின்றனர். ஆயினும் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டிலே பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் அம்பு பாயுமுன் பெண்டிர்க்கும் பிணியுடையோர்க்கும் பிள்ளை பெறாதோர்க்கும் அரண் சேருமாறு அறிவிக்கப்படுகின்றது. அங்ஙனம் மெய்யாகவே அறிவித்தனரோ இல்லையோ, ஊரில் மக்கள் உளர் என்பது புலவர்க்குத் தெரிந்திருந்தது. மாண்டார்க்குக் கையறுநிலையும் நடுகல்லும் இருந்தன. இவ்வாட்டங்கள் பலவற்றில் மாண்டவன் சில விநாடிகளில் எழுந்து மீண்டும் ஓடுகின்றான். அவனுக்காக எவரும் அழவேண்டியதில்லை.

ஆடுவோரின் கண்ணாலேயே களம் காட்டப்படுவதால் இவற்றைத் தன்மையிட ஆட்டங்கள் எனலாம். இலக்கணம் கூறும் மூவிடங்களுள் முன்னிலை இங்கு கூட்டாளிக்கு மட்டுமே உரியது. எதிரி என்றென்றும் படர்க்கை. இதனைத் தெளிவாகக் கண்டுகொண்டது அமெரிக்க இராணுவம். ஆட்சேர்ப்புக்காக அது 2002 ஜூலை 4 இல் ‘அமெரிக்காஸ் ஆமி’ என்னும் ஆட்டத்தை இலவசமாக வெளியிட்டது. இரு அணியினரும் மெய்யான மனிதரே. ஆயினும் எந்த அணியில் நின்று பார்த்தாலும் தம் அணி அமெரிக்கப் படையாகவும் எதிரணி பகைவராகவும் தோன்றும். தான் பிறர்க்குப் பகைவனாய்த் தெரிவதை அதனை ஆடிய எவரும் ஒருபோதும் காணவில்லை. இருபது ஆண்டுகள் இயங்கி 2022 இல் அது நிறுத்தப்பட்டது. இரு தரப்பாரும் தம்மை மட்டுமே கண்ட போரொன்றின் நடுவே வாழ்ந்த மக்களுக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இங்குதான் கலைப்பீடத்தின் மௌனம் குற்றமாகின்றது. நாவலில் எவருடைய குரல் ஒலிக்கின்றது, எவருடைய குரல் அடக்கப்பட்டது என்று வினவக் கற்பிக்கும் விரிவுரை மண்டபங்கள், கூத்தையும் சினிமாவையும் வர்க்க நோக்கிலும் பெண்ணிய நோக்கிலும் அலசும் கருத்தரங்குகள், மாணவர் இரவெல்லாம் விழித்திருந்து நுகரும் இவ்வடிவத்தைப் பெற்றோரின் கவலையாக விட்டுவைத்தல் எவ்வாறு தகும்? கணினி அறிவு இதற்குப் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு வெள்ளோட்டத்தை அரைமணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுப் பேசினாற் போதும். ஆடாமலே தடை கேட்போர், வாசியாமலே நூலை எரிக்கச் சொல்வோரின் இனத்தவர். அவ்வினத்தாரை யாழ்ப்பாணம் நன்கறியும்.

வேறுவகையில் ஆக்க இயலாது என்பதும் பொய். போலந்து நாட்டார் சிலர், சரஜெவோ நகர முற்றுகையை மனத்திற் கொண்டு, 2014 இல் ‘திஸ் வோர் ஒவ் மைன்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். பலர் கூடிச் சுடும் ஆட்டமன்று அது. முற்றுகையிடப்பட்ட நகரில் இடிந்த வீடொன்றிலே ஒளிந்திருக்கும் சாதாரண மனிதர் சிலரை உயிரோடு காப்பதே ஆடுபவரின் பணி. 2020 இல் அந்நாட்டு அரசு அதனை உயர்வகுப்பு மாணவர்க்குரிய வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது. அதிலும் வீடு புகுந்து பொருளெடுத்தல் உண்டு. ஒரு வீட்டில் வயோதிபத் தம்பதியர் இருவர் இருக்கின்றனர். அவர்களுடைய உணவையும் மருந்தையும் எடுத்து வரலாம். தடுக்க அவர்களுக்கு வலுவில்லை. எடுத்து வந்தவர் பின்னர் மனம் நொந்து துவண்டுபோகின்றார். அந்த வீட்டுக்கு மறுபடி சென்று பார்க்கவும் வழியுண்டு.