ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?



காணும் பொங்கலன்று உங்கள் வீட்டுக்கு உறவினர்கள் வருவார்கள். கூடத்தில் பாய் விரித்து, இலை போட்டு, எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கையில் அப்பளத் தட்டையோ பாயச வாளியையோ கொடுத்துப் பரிமாறச் சொல்லியிருப்பார்கள். அப்போது பந்தியில் யாராவது ஒருவர், "எனக்கு இது வேண்டாம்" என்று இலையின் மேல் கையை வைத்து மறைப்பார். உடனே பெரியவர் ஒருவர் சொல்வார்: "அட, நாளும் கிழமையுமாக இப்படிச் சொல்லலாமா? ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?"

அன்பினால் சொல்லப்படும் சொல்தான் அது, ஐயமில்லை. ஆனால் அறிவியல் படிக்கும் நாம் அதை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு விடை தேடிப் பார்ப்போமே! ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகும்?

விடை ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு வயிறு சற்றுப் பொருமும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். யாருக்கு எது நேரும் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியாது. ஆகவே வற்புறுத்தி ஊட்டுவதைவிட, கேட்டறிந்து சமைப்பதே சிறந்த விருந்தோம்பல் என்பது என் கருத்து. எதைக் கேட்பது? மூன்று கேள்விகள் போதும். எது கூடாது? எவ்வளவு கூடாது? எப்போது சாப்பிட வேண்டும்?

எது கூடாது?

1921-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்று இரு மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. தின்றால் உடம்பு தடித்துவிடும். பிராஸ்னிட்ஸுக்கோ மீனால் ஒரு தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரைப் பிராஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் ஓரிடத்தில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அந்த இடம் சிவந்து தடித்தது!

இதிலிருந்து என்ன தெரிகிறது? மீன் ஆகாது என்று கூஸ்ட்னர் சொன்னது பிடிவாதமோ மனப்பிரமையோ இல்லை. அவருடைய இரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் இருந்தது. அது இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் எதிர்ப்பொருள் என்பது 1960-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. அலர்ஜி என்று நாம் சொல்லும் உணவு ஒவ்வாமைகளில் மிகவும் அபாயமானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

கோதுமை ஆகாதவர்களின் கதை வேறு. டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர், ஒருவகைக் குடல் நோயால் மெலிந்துபோன குழந்தைகளைக் கவனித்து வந்தார். இந்நோய்க்குக் கோதுமைதான் காரணமோ என்ற ஐயம் அவருக்கு முன்பே இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது. 1950-இல் தம் ஆய்வேட்டில் டிக்கே கோதுமையின் பங்கை விளக்கினார். இன்று இதைச் சீலியாக் நோய் என்கிறோம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தச் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளையே தாக்கிச் சிதைக்கிறது.

"நாங்கள் சப்பாத்தியா போடுகிறோம்? சோறும் சாம்பாரும்தானே!" என்று நீங்கள் கேட்கலாம். பாயசத்தில் போடும் சேமியா எதனால் ஆனது? பெரும்பாலும் கோதுமையால். சாம்பாரில் போடும் பெருங்காயத் தூள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் பெருங்காயத்தோடு மாவும் பிசினும் சேர்ந்திருக்கும்; பல வகைகளில் அந்த மாவு கோதுமை மாவுதான்.

எவ்வளவு கூடாது?

இரண்டாம் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் அளவு முக்கியம் என்று படிக்கிறோம், சமையலறையிலும் அப்படித்தான்.

பால் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி வேண்டும். குழந்தைப் பருவம் கடந்ததும் உலகில் பெரும்பாலோருக்கு இந்த நொதி குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்கின்றன. வாயு உண்டாகி வயிறு பொருமுகிறது. இவர்களில் பலர் ஒரு சிறு கிண்ணம் தயிரைத் தொல்லையின்றிச் சாப்பிடலாம். பால் தயிராகும்போது லாக்டோஸின் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. இங்கே 'கொஞ்சம் சாப்பிடலாம்' என்பது சரி.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவரிடம் 'கொஞ்சம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. வறுத்தாலும் வேகவைத்தாலும் அதன் தீங்கு நீங்கிவிடாது. கடலைத் துவையல் பரிமாறிய கரண்டியைப் பொரியலில் போட்டால் கரண்டியில் ஒட்டியிருப்பதே சிலருக்குப் போதும். தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். அந்நிலையில் தேவை அட்ரினலின் ஊசி. மோர் கொடுத்துப் படுக்க வைத்துப் பார்ப்பதற்கு அது நேரமில்லை. 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குக் கெடுதலாவதும் உண்டு. இரத்த அழுத்தம் உள்ள சித்தப்பாவுக்காக 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கிச் சமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். அதே பந்தியில் சிறுநீரகம் பழுதான அத்தை உட்கார்ந்திருந்தால்? அவருடைய சிறுநீரகத்தால் மிகுதிப் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். உபசாரமாக நாம் நீட்டும் இளநீரிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. (இந்துப்பு இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.)

எப்போது சாப்பிட வேண்டும்?

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரியப்பா சர்க்கரை நோயாளி, இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒரு விருந்தன்று அவருக்காகச் சர்க்கரை போடாத பாயசம் தனியாகச் செய்து வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லியிருந்ததால் அவர் பன்னிரண்டரை மணிக்கே ஊசி போட்டுக்கொண்டார். வரவேண்டிய ஒரு குடும்பம் வரவில்லை. எல்லோரும் சேர்ந்து உட்காரலாம் என்று காத்திருந்தோம். பெரியப்பாவும் நாகரிகம் கருதி ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றே முக்கால் மணிக்கு அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. நாங்கள் விசிறிக்கொண்டு நின்றோம். மேல்நிலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் தங்கைதான் ஓடிப்போய் மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தாள். "சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையா?" என்று யாரோ கத்தினார்கள். கால் மணி நேரத்தில் பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். சாதாரண இன்சுலின், ஊசி போட்ட அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். அது விருந்தினருக்காகக் காத்திராது. உணவு உள்ளே வராதபோது இரத்தச் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. அப்போது சர்க்கரைதான் மருந்து. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. எது கூடாது என்று கேட்ட நாங்கள், எப்போது என்று கேட்க மறந்தோம். அன்றைய தவறு எங்களுடையது.

மனம் ஒப்பாத உணவு

உடல் மட்டுமா உணவை மறுக்கிறது? கிழங்கு உண்ணாத சமணர், ஹலால் அல்லாத இறைச்சியைத் தொடாத இஸ்லாமியர், புரட்டாசியில் புலால் விலக்குபவர், உயிர்களிடம் இரக்கத்தால் பாலும் தயிரும்கூட வேண்டாம் என்பவர் எனப் பலர் உண்டு. அவர்கள் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது வேறு பேச்சு. ஒருவர் விலக்கும் பொருளை மறைத்துக் கொடுத்துவிட்டு, "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று சிரிப்பது ஏமாற்று வேலை. அவர்களிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். இறைச்சிக் குழம்பைக் கிண்டிய கரண்டியைக் காய்கறிக் குழம்பில் போடாதீர்கள்.

கணிதம் சொல்லும் வழி

இத்தனை பேருக்கும் ஒத்துவரும் சமையல் எது? ஒவ்வொருவரும் உண்ணக்கூடியவற்றை ஒரு கணமாக எழுதி, எல்லாக் கணங்களின் வெட்டையும் கண்டுபிடித்தால் வெறும் சோறும் உப்பில்லாத சுரைக்காயும்தான் மிஞ்சும். நாள் முழுவதும் அடுப்படியில் நின்ற அம்மாவுக்கு அதைவிட ஏமாற்றம் வேறில்லை.

அப்படித் தேட வேண்டியதில்லை. ஒரு தாளில் கட்டங்கள் போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக விருந்தினர் பெயர்கள். மேலே வரிசையாகப் பதார்த்தங்கள். யாருக்கு எது ஆகும் என்று கட்டங்களில் குறியிடுங்கள். எல்லாப் பதார்த்தமும் எல்லோருக்கும் ஆக வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரின் வரிசையிலும் சோறு, குழம்பு, இரண்டு காய், ஏதேனும் ஓர் இனிப்பு அல்லது பழம் என ஒரு முழுச் சாப்பாடு அமைந்தால் போதும். ஆபத்தான ஒவ்வாமை உள்ளவர் வரும் அன்று மட்டும் அந்தப் பொருளைச் சமையலறைக்கே கொண்டு வராதிருப்பது நல்லது.

நம் வாழையிலை இதற்கு மிகவும் ஏற்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே பரிமாறப்படுகிறது. கலந்துகொள்வது உண்பவர் கையில் இருக்கிறது. இலையின் ஓரத்தில் உப்பு வைக்கிறோம் அல்லவா? சமையலில் உப்பைக் குறைத்தால், வேண்டியவர் இலையிலிருந்து சேர்த்துக்கொள்வார். சேர்ப்பது எளிது, சேர்த்ததைப் பிரிப்பது முடியாத காரியம். ஆகவே வெங்காயம், பெருங்காயம், தேங்காய்ப்பால் எதுவாயினும், சேர்ப்பதற்கு முன் வேண்டாதவர் பங்கை எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல் வேண்டியதில்லை. கிழங்கை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் குறையும்; அத்தைக்கு அவருடைய மருத்துவர் அனுமதித்த அளவு வைக்கலாம். இந்த எடுத்துவைக்கும் வேலையையும் கட்டம் போடும் வேலையையும் அம்மாவின் தலையில் கட்டாதீர்கள். பையன்களும் பெண்களும் நீங்களே செய்யுங்கள்.

"இந்தக் காலத்தில் நாக்குக்குப் பிடிக்காததையெல்லாம் அலர்ஜி என்கிறார்களே!" என்று பெரியவர்கள் குறைப்படலாம். அப்படியும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் தவறினால் வரும் நட்டத்தைக் கணக்கிடுங்கள். பொய்யாகச் சொன்னவரை நம்பினால் ஒரு கரண்டித் துவையல் மிஞ்சும். மெய்யாகச் சொன்னவரை நம்பாவிட்டால் ஓர் உயிர் போகலாம். நோயைச் சோதித்தறிவது மருத்துவரின் வேலை; பந்தியில் அதற்கு இடமில்லை. விருந்தினருக்கும் ஒரு கடமை உண்டு. தமக்கு ஆகாததை முன்கூட்டியே, உள்ளபடி, கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும்.

கடையில் விற்கும் உணவுப் பொட்டலங்களில் கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா போன்றவை இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகள் கூறுகின்றன. அம்மாவின் குழம்புச் சட்டியில் லேபிள் கிடையாது. அங்கே பரிமாறுகிற நீங்கள்தான் லேபிள்! "இதில் கடலை அரைத்திருக்கிறது", "இது பால் பாயசம்" என்று சொல்லிக்கொண்டே பரிமாறுங்கள்.

அடுத்த விருந்துக்கு ஒரு வாரம் முன்பே தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வரப்போகிறவர்களிடம் தொலைபேசியில் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதுங்கள். பந்தியன்று யாராவது இலையை மறைத்தால், "சரி அத்தை, உங்களுக்கு வேறு வைத்திருக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அத்தை முகத்தில் தோன்றும் நிறைவைக் கண்டபிறகு, 'ஒரு நாள் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்க உங்களுக்கு மனம் வராது.