கண்ணழுத்தமும் நோயாளர் கணக்கும்

நோய்கள் இருவகைப்படும். வலியாலும் காய்ச்சலாலும் தம் வரவை உடனே அறிவிப்பன ஒருவகை. ஓசையின்றிப் புகுந்து, உள்ள பொருளைக் கவர்ந்த பின்னரே தம்மை வெளிப்படுத்துவன மற்றொருவகை. கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. இந்நோயோடு பல்லாண்டுகளாக வாழ்ந்து வருவோருள் யாமும் ஒருவேம். ஆதலின், இதனைப்பற்றி எம் உள்ளத்தெழுந்த கருத்தொன்றைக் கல்லூரி அன்பர்கள் முன் வைக்கத் துணிகின்றோம். கண்ணழுத்தக் கணக்கை மருத்துவர் ஏட்டில் மட்டும் விட்டுவிடுதல் போதாது. நோயாளர் தாமும் அதனை அறிந்து, எழுதி, காத்துவருதல் வேண்டும் என்பதே அக்கருத்து.

கண்ணினுள்ளே தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரக்கின்றது. இது நாம் அழுங்கால் வழியும் கண்ணீர் அன்று. கார்னியா என்னும் தெளிந்த முன்படலமும் அதன் பின்னுள்ள நிறத்திரையும் கூடும் மூலையில் வலைபோன்றதொரு வடிகால் உண்டு. அதன் வழியே இந்நீர் வெளியேறி இரத்தத்திற் கலக்கின்றது. ஏரிக்கு வரத்தும் போக்கும் ஒத்திருக்கும் வரை கரைக்குக் கேடில்லை. மதகு தூர்ந்தால் கரை நோகும். அதுபோலவே வடிகால் தடைப்பட்டால் கண்ணினுள் அழுத்தம் மிகுந்து, பின்புறத்துள்ள பார்வை நரம்பின் இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. பெரும்பாலோர்க்கு இவ்வழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவினதாக இருக்கும். ஆயினும், இவ்வெல்லைக்குள் நின்றும் நரம்பு கெடுவோர் உளர். இதனைக் கடந்தும் நெடுநாள் கேடின்றி இருப்போரும் உளர்.

பார்வையின் ஓரப்பகுதிகள் முதலிற் குறைதலின், நேரேயுள்ள எழுத்தைப் படிக்கும் ஆற்றல் பல்லாண்டுகள் மாறாதிருத்தல் கூடும். ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மறைத்துவிடுதலும் உண்டு. இழந்த பார்வையை மீட்டுத்தரும் மருந்து இன்றளவும் இல்லை. எஞ்சியதைக் காத்தலே செயற்பாலது.

அதற்கு இதுகாறும் உறுதிப்பட்ட வழி அழுத்தத்தைத் தணித்தலே. 1857ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கிரேஃபெ நிறத்திரையின் ஒரு கூற்றை அகற்றி இந்நோயைத் தணிக்கும் முறையை வெளியிட்டார். 1819ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை அரசினர் கண் மருத்துவமனையில் எலியட் என்பார், 1909ஆம் ஆண்டில், கார்னியாவின் விளிம்பிற் சிறு வட்டத் துளையிட்டு நீரை வடியச்செய்யும் முறையைக் கையாளத் தொடங்கினார். அம்முறை பிறநாடுகளிலும் பரவிற்று. இக்காலத்தே சொட்டு மருந்து, லேசர் ஒளி, அறுவை ஆகிய மூன்றும் வழங்குகின்றன. அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாதிருந்த 1,600க்கு மேற்பட்டோரை அமெரிக்க நாட்டில் ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 5 ஆண்டுகளில், மருந்திடாதாருள் நூற்றுக்கு 9.5 பேர்க்கு நோய் தோன்ற, மருந்திட்டாருள் 4.4 பேர்க்கே தோன்றியதென அறிந்தனர்.

அழுத்தத்தைத் தணித்தல் இத்துணைப் பயன்தருவதாயின், அதனைச் செவ்விதின் அறிதலும் இன்றியமையாததன்றோ? 1905ஆம் ஆண்டில் நார்வே நாட்டுச் சியோட்ஸ் என்பார் அளவு கருவியொன்றை அமைத்தார். அதன்பின், சுவிட்சர்லாந்து நாட்டுக் கோல்ட்மன் என்பார் அமைத்த கருவியே இன்றும் மருத்துவர்க்கு உரைகல்லாய் விளங்குகின்றது. இவையெல்லாம் கண்ணை மரக்கச்செய்து, பயின்ற கையால் அளத்தற்குரியன. ஆண்டிற்கு மூன்று முறை மருத்துவமனை செல்வார்க்கு அளவு கிடைப்பது மூன்று வேளைகளில் மட்டுமே. கண்ணழுத்தமோ ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் வருவது. பலர்க்குப் பின்னிரவிலும் வைகறையிலும், படுத்திருக்குங்கால், அது உச்சத்தை எய்துகின்றது. அவ்வேளையில் எம்மருத்துவமனை நமக்குத் திறந்திருக்கும்?

இக்குறையை நீக்கப் பின்லாந்து நாட்டினர் ஒரு கருவியைச் செய்தனர். நுனியில் நுண்ணிய உருண்டையுடைய மெல்லிய கோலொன்று கார்னியாவைத் தொட்டு மீளும். அது மீளும் விரைவிலிருந்து அழுத்தம் கணிக்கப்படும். மரப்பு மருந்து வேண்டுவதில்லை. வீட்டில் நோயாளர் தாமே அளத்தற்கேற்ற ஐகேர் ஹோம் என்னும் வகைக்கு 2017ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் இசைவு கிடைத்தது. யாம் இரவல் பெற்று ஒரு வாரம் அளந்தபோது, மருத்துவமனையில் முற்பகலில் 16 எனக் காட்டிவந்த எம் கண், வைகறையில் 22, 23 எனக் காட்டிற்று. அவ்வேட்டைக் கண்ட மருத்துவர் எம் மருந்து முறையை மாற்றியமைத்தார்.

இதற்கு மறுப்புரைப்பார் மூன்று காரணங்கூறுவர். எண்ணைக் கண்டு நோயாளர் அஞ்சுவர் என்பது முதலாவது. நீரிழிவுடையார் வீட்டிலேயே சர்க்கரையளவு காண்கின்றனர்; தொடக்கத்து அச்சம் பழக்கத்தால் அடங்குகின்றது. ஒரு வேளை இரண்டு மூன்று ஏறுதலைப் பொருட்படுத்தாது, ஒரு வாரத்தின் போக்கை நோக்கல் வேண்டும். தாமே மருந்தை மாற்றிவிடுவர் என்பது இரண்டாவது. இவ்வச்சம் நியாயமானதே. கணக்கெழுதுதல் நோயாளர்க்குரியது, தீர்ப்பளித்தல் மருத்துவர்க்குரியது. கார்னியாவின் தடிப்பிற்கேற்ப அளவு மாறுதலானும், நரம்பின் நிலையும் பார்வைப் பரப்பும் இக்கருவிக்குப் புலப்படாமையானும், மருத்துவமனை செல்லுதலை ஒருநாளும் கைவிடலாகாது. விலை மிகுதி என்பது மூன்றாவது. உண்மையே, எளிய குடும்பங்கள் வாங்கும் பொருளன்று. ஆதலின், ஒவ்வொரு கண் மருத்துவமனையும் சில கருவிகளை வாங்கிவைத்து, நோயாளர்க்கு வாரமுறையில் இரவலாக வழங்குதல் வேண்டும். எம் பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டுதோறும் செய்யும் அறங்களுள் இதனையும் சேர்ப்பாராயின் நன்றாம்.

கருவியில்லார் கணக்கின்றி இருத்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. விரலால் இமையை அழுத்திப் பார்த்து அளவறியலாமென்பது பிழைபட்ட எண்ணம். ஆனால், காலணா மதிப்புள்ள குறிப்பேடும் கருவியே. மருத்துவரைக் காணும்போதெல்லாம் நாள், வேளை, இரு கண்களின் அளவு ஆகியவற்றைக் கேட்டெழுதுக. எந்த அளவிற்குக் கீழே நிற்றல் வேண்டுமெனவும், பார்வைப் பரப்பு முன்னையினும் குறைந்ததோவெனவும் வினவுக. மருந்திட்ட வேளையையும் தவறிய வேளையையும் ஒளியாது குறிக்க. மருந்து விட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய உள்மூலையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துக. இரண்டு மருந்திடுவோர் இடையே ஐந்து நிமிடம் விடுக. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சிலர்க்கு அழுத்தத்தை ஏற்றுமாதலின், கடையில் தாமே வாங்கி இடுதலை விலக்குக.

மாணவ நண்பர்காள்! இது முதியோர் நோய், நமக்கென்னென்று ஒதுக்கிவிடாதீர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்டதன்படி, 40 வயதிற்கு மேற்பட்டாருள் நூற்றுக்கு 2.6 பேர் இந்நோயுடையார். இதன் பெரும்பான்மை வகையினருள் பதின்மருக்கு ஒன்பதின்மர்க்கு மேற்பட்டோர், சோதிக்கும் நாள்வரை தம் நோயை அறியாதவர். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோயிருப்பின், ஏனையோர்க்கும் அது வருதல் கூடும். வரும் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், 40 வயது கடந்த உம் தாய் தந்தையரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அழுத்தமும் நரம்பும் சோதிக்கச் செய்து, அவர் கூறும் எண்ணை ஒரு குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் உம் கையால் எழுதித் தருமாறு வேண்டுகின்றோம்.