பெரிய கோயிலும் 37 டாலர் டிக்கெட்டும்

நான் பொறந்து வளர்ந்தது தஞ்சாவூர். பெரிய கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்லை. பரீட்சைக்கு முன்னாடி, வெளியூர் சொந்தக்காரங்க வந்தா, கரண்ட் போனா (புல்தரையில காத்து வாங்க). ஆனா "பார்த்தது" ஒரு தடவைதான். அதுவும் கம்போடியா போய்ட்டு வந்தப்புறம். சிரிக்காதீங்க மக்கா, நிஜம் :-)

2023ல நண்பர்களோட அங்கோர்வாட் போனேன். ஒருநாள் டிக்கெட் 37 டாலர். காசு கொடுத்தாச்சேன்னு ஒவ்வொரு கல்லையும் உத்து உத்துப் பார்த்தேன். கிழக்குப் பக்க மண்டபத்துல பாற்கடல் கடையிற சிற்பம், கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். அசந்துட்டேன். எங்க கைடு அந்த ஊர்க்காரர். கல்லெல்லாம் குலேன் மலையிலிருந்து வந்த மணற்கல்னு விளக்கிட்டு, "உங்க ஊர்ல கோயில் இருக்கா?"ன்னு கேட்டார். விடுவோமா? "எங்க கோயில் கோபுர நிழல் தரையிலேயே விழாது"ன்னு பெருமையா எடுத்து விட்டேன். அவர் ரொம்பச் சாதாரணமா, "மத்தியானத்திலயா, சாயங்காலத்திலயா?"ன்னார்.

எனக்கு பதில் தெரியலை. "உங்க கோயிலுக்குக் கல் எங்கேருந்து வந்தது?"ன்னார். அதுவும் தெரியலை. தஞ்சாவூரைச் சுத்தி கருங்கல் மலையே கிடையாதுங்கறது அப்பத்தான் உறைச்சது. இத்தனை வருஷம் அங்கேயே இருந்தும் இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்லையே!

ஊருக்கு வந்ததும் ஒரு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய் நின்னேன். நிழல் முற்றத்துல நீளமா, ஜம்முன்னு விழுந்து கிடக்கு. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட, "அப்பா, நிழல் விழுதுப்பா"ன்னேன்.

"ஆமா. சின்ன வயசுல நாங்க அந்த நிழல்லதானே உக்காந்து விளையாடுவோம்? விழாதுன்னு எவன்டா சொன்னான்?"

அப்புறம்தான் கல்வெட்டுப் புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, ராணிகள் கொடுத்தது, மத்தவங்க கொடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டச் சொல்லியிருக்கார் ராஜராஜன். கோயில்ல ஆட வந்த நானூறு பெண்களோட பேரு, எந்தத் தெரு, எத்தனாவது வீடு, எந்தக் கோயில்லேருந்து வந்தாங்க, அத்தனையும் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல குடியிருந்தவங்களோட முகவரி! இதை விட்டுட்டு இல்லாத நிழல் கதையைச் சொல்லித் திரிஞ்சிருக்கேனே.

இன்னொண்ணு. இந்தக் கோயிலைக் கட்டினது ராஜராஜன்தான்னு உறுதியானதே 1880களில், ஹூல்ஷ்ங்கற ஜெர்மன்காரர் கல்வெட்டுகளைப் படிச்சதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் ஊர்ல வேற வேற கதைதான் ஓடிட்டிருந்தது. உள்ளூர்க் கண்ணுக்குப் பழகிப்போனது வெளியூர்க் கண்ணுக்குப் பட்டுடுது. ஊர் சுத்துறதால கிடைக்கிற லாபமே, கொஞ்ச நாளைக்கு அந்த வெளியூர்க் கண்ணு நமக்கும் வாய்க்குதுங்கறதுதான்.

ஆனா ஊர் சுத்தினாலே ஊர் அருமை தெரிஞ்சிடும்னு சொல்றதுல எனக்கு முழு உடன்பாடு இல்லை. என்கூட வந்த நண்பர் ஒருத்தர், "அங்கோர்வாட்டைக் கட்டினதே தமிழ் மன்னன்தான்"னு வாட்ஸப்ல வந்ததை அந்தக் கைடுகிட்டயே சொன்னார். கட்டினது கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். கைடு ஒண்ணும் பேசலை, சிரிச்சார். எனக்குத்தான் கூசிப்போச்சு. அடுத்தவன் வீட்டுக்குப் போய் "இது எங்க தாத்தா கட்டினது"ன்னு சொல்றதுக்குப் பேரு ஊர்ப்பற்றா? அவங்க கோயிலை அவங்களோடதா ரசிக்கத் தெரிஞ்சாத்தான் நம்ம கோயிலையும் ஒழுங்கா ரசிக்க முடியும். 1010ல முடிஞ்ச கோயிலுக்குக் கடன் வாங்கின பெருமை எதுக்கு?

அப்பாவுக்கு இப்ப முட்டிவலி, நந்தி மண்டபம் தாண்டி நடக்க முடியலை. அங்கேயே உக்கார வச்சிட்டு, நான் சுத்திப் பார்த்துட்டு வந்து படிச்சதைச் சொல்றேன். அவர் அந்தக் காலத்துக் கதையைச் சொல்றார். இருபது வருஷம் முன்னாடி, "வாடா, ஒரு நடை போய்ட்டு வரலாம்"னு அவர் கூப்பிட்டப்பல்லாம் டிவி பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தவன் நான்.

அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, உங்க ஊரைப் பத்தி ஒரு வெளியூர்க்காரன் என்னென்ன கேப்பான்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. பதில் தெரிஞ்சவங்க வீட்டிலேயே இருக்கலாம்.