வெந்நீருக்குத் தனி பில்

எதையும் பிளான் பண்ணிச் செய்யவேண்டும் என்பது என் கட்சி. நான் பிளான் பண்ணாமல் இருந்தாலே பாதி காரியம் நல்லபடியாக நடக்கும் என்பது என் மனைவியின் கட்சி. கல்யாணமாகி ஆறு வருஷமாக இரண்டு கட்சிக்கும் கூட்டணி நீடிப்பதே பெரிய விஷயம்.

தைவானில் தைபே நகரத்தில் நெய்ஹூ என்ற பேட்டையில் எனக்கு உத்தியோகம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சென்னையிலும் செய்யக்கூடிய அதே வேலையை, சென்னையில் கிடைக்காத குளிரில் செய்வது. ஏப்ரல் மாதம் அப்பா ஊரிலிருந்து வந்தார். அம்மா போன ஐப்பசியில் போய்விட்டாள். குன்னூர் வீட்டில் தனியாக இருக்கவேண்டாம் என்று நாங்கள்தான் பிடிவாதம் பிடித்து வரவழைத்தோம்.

வந்தவர் பேசவில்லை. கோபம் எல்லாம் இல்லை. காலையில் எழுந்து, ஷேவ் செய்து, பதினோராவது மாடி ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தூரத்தில் ஒரு மலை தெரியும். அதைப் பார்ப்பார். பதினெட்டு நாளில் அவர் பேசிய வார்த்தைகள் மொத்தம் மூன்று. 'ம்', 'சரி', 'போதும்.' மூன்றாவது வார்த்தை சாப்பாட்டின்போது மட்டும்.

"ஏங்க, எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. மாமாவைப் பார்த்தா எனக்கு பயமா இருக்கு" என்றாள் மனைவி.

விடுவேனா? பிளான் போட ஆரம்பித்தேன்.

பக்கத்து சீட்டு தைவான்காரரிடம் கேட்டேன். "உங்க அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று திருப்பிக் கேட்டார். நீலகிரியில் ஒரு தேயிலை பாக்டரியில் முப்பது வருஷம் டீ மேக்கர் என்றேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அப்புறம் என்ன யோசனை? மாவ்கோங் போங்க!"

மாவ்கோங் என்பது தைபேயின் தெற்கு விளிம்பில் மலைமேல் இருக்கும் டீ கிராமம். எழுதும் எழுத்தைப் பார்த்தால் முதல் எழுத்து பூனை. ஆனால் பூனைக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை. அங்கே ஓடையில் தண்ணீர் சுழன்று சுழன்று பாறையில் குழி பறித்திருக்கிறது. அந்தக் குழிகளுக்கு உள்ளூர் பாஷையில் இருந்த பெயரை எழுதப்போய் பூனை வந்து உட்கார்ந்துகொண்டது. (நம் ஊரில் வெள்ளைக்காரன் எழுதி வைத்த பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.)

போவதற்கு ரோப்கார். 2007 ஜூலையில் திறந்தது. நீளம் நாலு கிலோமீட்டர். கீழே மிருகக்காட்சிசாலைப் பக்கத்தில் ஏறினால், காட்டுக்கு மேலே அரை மணி நேரம் மிதந்துகொண்டே போய் டீக்கடை வாசலில் இறங்கலாம். எங்கள் நெய்ஹூவிலிருந்து ஒரே மெட்ரோ ரயில், வண்டி மாற வேண்டியதில்லை. பிளான் போடுபவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது என்று எல்லோரும் சொன்னார்கள். புத்திசாலியான நான் திங்கட்கிழமை லீவு போட்டேன். ரயிலில் ஏறினோம். அந்த லைனில் ரயிலுக்கு டிரைவர் கிடையாது, தானே ஓடும். அப்பா முன்பெட்டிக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து டிரைவரைத் தேடினார். கிடைக்கவில்லை. "ம்" என்றார்.

ரோப்கார் ஸ்டேஷன் வாசலில் ஈ காக்கை இல்லை. 'பார்த்தாயா, திங்கட்கிழமையின் மகிமையை!' என்று மனைவியைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்டிகை நாள் தவிர, திங்கட்கிழமைகளில் ரோப்கார் ஓடாது. பராமரிப்பு.

வந்ததற்கு மிருகக்காட்சிசாலைக்குள் போனோம். அப்பா யானையைப் பார்த்தார். யானை அப்பாவைப் பார்த்தது. இரண்டு பேரும் பேசவில்லை.

அடுத்த பிளான் சனிக்கிழமை மதியம். க்யூவில் முக்கால் மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. அப்போது மலைக்குப் பின்னால் 'டமால்' என்று ஒரு இடி. மின்னலடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டார்கள். மே மாத மதியங்களில் அங்கே இடி இடிப்பது, நம் ஊர் ஆபீஸில் நாலு மணிக்கு டீ வருவது மாதிரி என்று பக்கத்து சீட்டுக்காரர் திங்கட்கிழமை சொன்னார். வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம்.

அதோடு விட்டாரா? "இந்த ரோப்காரையே ஒன்றரை வருஷம் மூடி வைத்திருந்தார்கள் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். 2008 செப்டம்பரில் அடித்த புயல் மழையில் ஒரு தூணுக்கு அடியில் மண் அரித்துப் போய்விட்டதாம். அக்டோபரில் நிறுத்தி, அந்தத் தூணையே வேறு இடத்தில் நட்டு, 2010 மார்ச் கடைசியில்தான் மறுபடி ஓடவிட்டிருக்கிறார்கள். இதை நான் வீட்டில் வந்து சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மட்டும், "சரி" என்றார். எதற்குச் சரி என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார் பக்கத்து சீட்டு. வழியில் ஜிநான் கோயில் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்தக் கோயில் சாமி லூ டோங்பின், எட்டுச் சிரஞ்சீவிகளில் ஒருவர். அந்த எட்டில் ஒரே பெண்ணிடம் இவர் மனசைப் பறிகொடுத்து, அவள் முடியாது என்று சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து சாமிக்கு ஜோடிகளைக் கண்டால் ஆகாது. ஜோடியாகப் போனால் பிரித்துவிடுவார் என்று தைபேயில் காலேஜ் பையன்கள் முதல் கிழவர்கள் வரை எல்லோருக்கும் தெரியும்.

"இறங்கவே கூடாது. சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. நாத்திகம் பேசுகிறவள்தான். ஆனால் ரிஸ்க் எடுக்கமாட்டாள்.

மூன்றாவது தடவைக்கு லீவு கேட்டபோது மேனேஜர் காலண்டரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்பா பேரைச் சொல்லி ஒரு லீவு ஏற்கெனவே எடுத்தாச்சே?" அன்றைக்கு ரோப்கார் ஓடவில்லை சார் என்றால் யார் நம்புவார்கள்? இரண்டு சனிக்கிழமை டியூட்டியை என் தலையில் கட்டிவிட்டு ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை மட்டும் பாக்கி வையுங்கள், அதையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்கிற முகம்.

காலையிலேயே போய்விட்டோம். வெயில். கூட்டம் இல்லை. இரண்டு க்யூ. ஒன்று சாதா பெட்டி. இன்னொன்று அடித்தளம் முழுக்கக் கண்ணாடியான பெட்டி, காலுக்குக் கீழே காடு தெரியும். அப்பா நேராகக் கண்ணாடிப் பெட்டி க்யூவில் போய் நின்றுகொண்டார். கேட்டால், "ம்."

ரோப்காரில் எனக்குப் பயம் என்பதை பிளானில் நான் சேர்த்திருக்கவில்லை. பெட்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் காலடியில் பூமி விலகிப் போயிற்று. கண்ணை மூடி, கந்தர் சஷ்டி கவசத்தை ஆரம்பித்து, இரண்டாவது வரி மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மனைவி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள், என்னை.

இருபது நிமிஷம் போயிருக்கும். திடீரென்று ஒரு குரல்.

"டேய், கவாத்து ஒழுங்கா பண்ணலைடா."

கண்ணைத் திறந்தேன். அப்பா குனிந்து கண்ணாடிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சரிவில் தேயிலைச் செடிகள். எங்கள் ஊர் எஸ்டேட் மாதிரி மலை முழுக்கப் பச்சைப் பாய் விரித்தது போல இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், காட்டுக்கு நடுவில் வீட்டுத் தோட்டம் மாதிரி.

"இந்த உயரத்துக்கு விட்டா எப்படிக் கிள்ளுவாங்க? ஆள் எங்கே? ஒரு ஆளையும் காணோமே?"

மனைவி போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சஷ்டி கவசத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் அப்பா பேசிய முதல் முழு வாக்கியம். தைவான் தேயிலை மீது புகார்!

மேலே இறங்கி நடந்து, ஓரமாக இருந்த ஒரு டீக்கடைக்குப் போனோம். கடை என்றால் பாய்லரும் பன் பாட்டிலும் இல்லை. மலையைப் பார்த்தபடி மர மேஜை. ஒரு சின்ன அடுப்பு, கெட்டில், பொம்மை விளையாட்டுச் சொப்பு சைஸில் ஒரு மண் டீப்பாட், கட்டைவிரல் உயரத்துக்குக் கிண்ணங்கள். கடைக்காரப் பெரியவருக்கு அப்பா வயசு இருக்கும். சாப்பாடும் உண்டு என்று ஜாடை காட்டினார். சைவம் என்பதற்கு இங்கே 'சூ' என்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் அது நாயை ஏவும் வார்த்தை. சூ, சூ என்று மூன்று தடவை சொன்னதும் தேயிலை விதை எண்ணெய் ஊற்றிப் பிசைந்த நூடுல்ஸ் வந்தது. நன்றாகவே இருந்தது.

டீத்தூளை ஒரு பொட்டலமாக வாங்கிவிட வேண்டும். மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் வெந்நீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனி பில்! மூன்று தலை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "குடுடா. தண்ணியும் விறகும் சும்மாவா வருது?" என்றார்.

அந்த மலையில் பெயர் பெற்ற டீ 'தியே குவான்யின்'. கடல் தாண்டி சீனாவில் ஃபூஜியான் மாகாணத்து ஆன்ஷியிலிருந்து ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் ஜாங் நைமியாவ் என்பவர் கன்று கொண்டுவந்து நட்டது. பொட்டலத்தைப் பிரித்தால் தூள் இல்லை. மிளகு மாதிரி, கறுத்த பச்சையில் சுருண்ட உருண்டைகள். அப்பா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார், மோந்தார், பல்லில் கடித்தார். பெரியவர் அதைக் கவனித்தார். முதல் தடவை ஊற்றிய வெந்நீரைக் கிண்ணங்களைக் கழுவிக் கீழே கொட்டிவிட்டார். "வேஸ்ட் பண்றாரே!" என்றாள் மனைவி. அடுத்ததாக ஊற்றியதை ஒல்லியான ஒரு கிண்ணத்தில் விட்டு, குடிக்கும் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டு, காலிக் கிண்ணத்தை அப்பா மூக்கருகே நீட்டினார். குடிக்க ஒன்று, மோந்து பார்க்க ஒன்று!

அப்பா மோந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு டீப்பாட்டிலிருந்து ஊறிய இலை ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். உருண்டை, முழு இலையாகி, காம்போடு படுத்திருந்தது. "முத்தின இலைடா இது. எங்க பாக்டரிக்கு வந்தா மூட்டையோட திருப்பி அனுப்பிடுவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பெரியவரிடம் இரண்டு விரலும் நடுவில் ஒரு சின்ன விரலும் காட்டினார். இரண்டு இலை, ஒரு கொழுந்து. பெரியவர் சிரித்துத் தலையாட்டி, மூன்று விரல் காட்டி, வெயிலைக் காட்டி, தட்டில் புடைப்பது போலக் கையை ஆட்டி, துணியில் மூட்டை கட்டிப் பிசைவது போல மேஜையைப் பிசைந்து, நெருப்பைக் காட்டினார். அப்பா பதிலுக்கு இரண்டு கையையும் உருளை மாதிரி ஒன்றோடொன்று ஓட்டி, நறநறவென்று சத்தம் போட்டு, பொடியாக உதிர்த்துக் காட்டினார். சி.டி.சி. மெஷின்! பெரியவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார், பாவம்.

ஒன்றரை மணி நேரம் இந்தக் கூத்து. இரண்டு பேருக்கும் ஒரு பாஷை பொதுவில்லை. அதே இலையில் ஆறு தடவை வெந்நீர் ஊற்றினார்கள். எனக்கும் மனைவிக்கும் மூன்றாவது தடவையோடு போதும்.

எழுந்திருக்கும்போது அப்பா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கம்மா குடிச்சிருந்தா கஷாயம்னு சொல்லியிருப்பா."

அம்மா பேச்சை அவர் எடுத்தது அன்றைக்குத்தான். நான் பில்லை எடுத்துக்கொண்டு கௌண்டர் பக்கம் போய்விட்டேன்.

திரும்பும்போது முதல் ஸ்டேஷனே ஜிநான் கோயில். பெட்டிக் கதவு திறந்தது. அப்பா எழுந்துவிட்டார்.

"மாமா, வேண்டாம்! அந்தக் கோயில் ஜோடியைப் பிரிச்சிடுமாம்" என்று பதறினாள் மனைவி.

"எனக்கென்னம்மா? இனிமே பிரிக்க என்ன இருக்கு?" என்றபடி இறங்கிவிட்டார்.

அவரைத் தனியாக விடமுடியுமா? மூன்று பேரும் இறங்கினோம். அவள் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டாள். "நீங்க மட்டும் போங்க. ஒருத்தர் போனா ஜோடிக் கணக்குல வராது." சட்ட நுணுக்கம்!

அந்தக் காலத்தில் அடிவாரத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் படி ஏறி வருவார்களாம். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, கொஞ்ச தூரம் நடை. ஊதுவத்திப் புகை, சிவப்புத் தூண்கள், வளைந்த கூரையில் டிராகன்கள். வாசலில் அப்பா என் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"நீ இங்கயே நில்லு. எதுக்கு வம்பு?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அங்கே யாரும் கழற்றவில்லை. உள்ளே போனார். புகைக்கு நடுவில் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகு மட்டும் தெரிந்தது. கால் மணி நேரம் அப்படியே நின்றார். கை கூப்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னப்பா வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டிக்கல. பெரிய மனுஷன் நீ, உன்னை ஒருத்தி வேண்டாம்னா, அதுக்கு சின்னஞ்சிறுசுங்க மேல எதுக்குய்யா கோபம்னு கேட்டுட்டு வந்தேன்."

"தமிழ்லயா?"

"பின்ன? அந்த டீக்கடைக்காரனுக்கே புரிஞ்சுது. சாமிக்குப் புரியாதா?"

ஸ்டேஷனில் மனைவியிடம், "பேசியாச்சும்மா. உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாரு" என்றார்.

"ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்றாள் அவள். சொல்லிவிட்டு, ரோப்கார் பெட்டியில் ஏறும்வரை என்னிடமிருந்து நாலடி தள்ளியே நடந்தாள்.