இல்லம் பேணுவோம்: பலகைத் தளம் போட விழைவோர்க்கு

சங்கராபுரத்துப் பக்கம் நம் பாட்டிமார் காலத்து வீடுகளில் தரை என்றால் சாணமிட்டு மெழுகிய மண் தரையே. பின்னர் காவி கலந்த சிமெண்டுத் தளம் வந்தது. அதன்பின் கடப்பைக் கல், மொசைக், இன்று டைல்ஸ். மரத்தை நாம் காலின் கீழ் வைத்ததில்லை. உத்திரமாகவும் பரணாகவும் மச்சாகவும் தலைக்கு மேலேயே வைத்தோம். பெரும்பகுதி மரத்தாலேயே எழுந்த பத்மநாபபுரம் அரண்மனையிலுங்கூட, கீழே மின்னுவது கறுத்த சாந்துத் தளம். பலகைத் தளங்கள் மாடியிலேதான். முன்னோர் காரணமின்றி அவ்வாறு செய்யவில்லை என்பதை நாம் சற்றுத் தாமதமாகவே அறிந்தோம்.

இப்போது வெளிநாடுகளில் வாழும் நம் பிள்ளைகள், விடுமுறை நாட்களில் தங்கள் கையாலேயே மரத்தளம் பதித்துப் படம் எடுத்து அனுப்புகின்றனர். "அப்பா, தாத்தா வீட்டு மச்சுப் பலகைகள் சும்மாதானே கிடக்கின்றன? நீங்களும் போட்டுப் பாருங்களேன்" என்றும் கேட்கின்றனர். இக்கேள்வி நம் வீட்டிலும் எழுந்தது. பழைய வீட்டைப் பிரித்தபோது இறக்கிய தேக்குப் பலகைகள் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. தந்தையார் நமக்கு விட்டுச் சென்றவற்றுள் விலை மதிப்புள்ளவை அவை மட்டுமே. அவற்றை விற்க மனம் வரவில்லை.

சித்திரை மாதத்தில், சிமெண்டு பூசி இருபது நாள்கூட ஆகாத கீழறையில், சுவரோடு சுவராக இறுக்கிப் பலகைகளை அடித்து முடித்தோம். ஒரு நூல் இடைவெளியும் இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் வாரத்தில் நடுத்தளம் கூடாரம்போல் எழும்பிற்று, கதவு திறக்கவில்லை. பெயர்த்தெடுக்கையில் நான்கு பலகைகள் பிளந்தன. பார்க்க வந்த முதிய தச்சர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. சுவரோரத்தில் விரலை வைத்து, "மூச்சு விட இடம் எங்கே வைத்தீர்கள், ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

மரம் அறுத்துப் பல்லாண்டு ஆயினும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கோடையில் அதனைத் திருப்பி விடும். உறிஞ்சும்போது நீளவாட்டில் ஏறத்தாழ மாறுவதில்லை, அகலவாட்டிலேயே பருக்கும். நான்கு அங்குல அகலத் தேக்குப் பலகை, அதன் ஈரப்பதம் நூற்றுக்கு நான்கு பங்கு ஏறினால், அரை மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒன்பது அடி அகல அறையில் அத்தகைய பலகைகள் 27 அல்லவா? எல்லாம் சேர்ந்து அரை அங்குலத்தைத் தாண்டும். சுவர் விலகாது, ஆகவே தளம் எழும்பும். தேக்கு இவ்வகையில் பொறுமையான மரம். மட்டமான மரங்கள் இதனினும் அதிகம் ஆடும்.

நம் துணிபைக் கூறிவிடுகிறோம்: நம் ஊரில் கீழறைக்குப் பலகைத் தளம் வேண்டா. மண்ணீரம் ஒருபுறம், கரையான் ஒருபுறம். பலகைக்கு அடியிலுள்ள இருட்டு கரையானுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. காவிச் சிமெண்டே அங்குப் போதும். மாடியறை ஒன்று இருந்து, ஒழுகாத கூரையும் இருந்தால், அங்கே முயலலாம்.

பழைய பலகையாயின் முதலில் ஆணிகளைப் பிடுங்கித் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஓசை தருவதை ஒதுக்கிவிடுக. அகன்ற பலகைகளை நான்கு அங்குலமாக அறுத்து, ஒரே கனத்துக்கு இழைத்து, ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் எடுக்க வேண்டும். இவ்வேலையை மர அறுவைப் பட்டறையில் கொடுப்பதே நலம். கை இழைப்புளியால் செய்ய முனைந்து நாம் இழந்தவை இரண்டு வாரங்கள். புது மரம் வாங்குவோர், கல்வராயன் மலைப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று எவரேனும் சொன்னால் ரசீதும் அனுமதிச் சீட்டும் கேளுங்கள். மரம் கொண்டு செல்வதற்கு நம் மாநிலத்தில் 1968 முதல் தனி விதிகள் உள்ளன.

தளத்தின் ஈரத்தை அறிய எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுர பாலித்தீன் தாளைச் சிமெண்டின்மேல் விரித்து, நான்கு ஓரமும் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விடுக. எடுக்கும்போது அடியில் நீர்த்துளியோ கறுத்த தடமோ தென்பட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். பூசிய கனம் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் காய்தல் வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. இதற்கிடையில் பலகைகளை அதே அறையில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமேனும் கிடக்க விடுங்கள். உச்சிக் கோடையும் வேண்டா, அடைமழையும் வேண்டா. தை, மாசி ஏற்றவை.

அதன்பின் ரசமட்டம் வைத்து, ஓரடி இடைவெளியில் ரீப்பர்களைத் திருகாணியால் முடுக்குக. துளையிடுமுன் கான்கிரீட்டினுள் மின்கம்பிக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று கட்டாயம் அறிந்துகொள்ளுங்கள்; கீழறை விசிறிக்குச் செல்வது அவ்வழியேதான். நம் வீட்டுச் சுவர்கள் நேராயிருக்கும் என நம்ப வேண்டா. மூன்று, நான்கு, ஐந்து அடி அளந்து மூலைமட்டம் பார்த்து, நூல் பிடித்து முதல் வரிசையை வையுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் விடுக. இவ்விடைவெளியைச் சுவரடிப் பட்டை மறைத்துவிடும். ஆனால் பட்டையைச் சுவரில் மட்டுமே அடிக்க வேண்டும், பலகையோடு சேர்த்து அடித்தால் விட்ட இடம் வீணாகும். ஆணியை நாக்கின் அடியில் சாய்வாக இறக்கினால் அடுத்த பலகையின் காடி அதனை மூடிக்கொள்ளும். தேக்கு பிளக்கும் ஆதலால் ஆணியினும் சற்று மெல்லிய துளை முதலில் இடுக. அடுத்தடுத்த வரிசைகளின் மூட்டுகள் ஒரே கோட்டில் வரலாகாது; அரை அடியேனும் தள்ளி அமைதல் வேண்டும். ஒவ்வொரு மூட்டும் ரீப்பரின்மேல் அமைவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புத்தாளை மரத்தின் ரேகை ஓடும் வாட்டத்திலேயே தேய்க்க வேண்டும். தூள் மார்பைப் பிடிக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பின்பு லின்சீட் எண்ணெய் பூசலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், நெருப்பே இல்லாமல் தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்தோ, வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்தியோதான் எறிய வேண்டும். பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதனை மறவாதீர்.

பெயர்த்த பலகைகளை நாம் மறு ஆண்டு மாசியில் மாடியறையில் போட்டோம். பிளந்த நான்குக்கு ஈடாகப் பலாப் பலகை சேர்த்ததால் மஞ்சள் வரி ஒன்று நடுவே ஓடுகிறது. பல மழைக்காலம் கடந்தும் தளம் எழும்பவில்லை. கோடையில் மட்டும் இடுக்குகளில் ஒரு நாணயத்தின் விளிம்பு நுழையும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும்.

வாளி நீர் கொட்டிக் கழுவும் நம் இல்லத்தரசியருக்குத்தான் இத்தளம் சோதனை. நன்கு பிழிந்த துணியால் துடைப்பதோடு நிறுத்த வேண்டும். நம் தளத்தின் சன்னலோரத்தில் கறுத்த வட்டம் ஒன்று உண்டு. முதல் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைத்தபோது, முளைவிட்ட நெல் தட்டுக்குப் பேரப்பிள்ளைகள் நாள்தோறும் அன்பாக நீர் வார்த்த இடம் அது. இழைத்துப் பார்த்தும் போகவில்லை. இப்போது குடில் கீழே சிமெண்டுத் தாழ்வாரத்தில் வைக்கப்படுகிறது.